விலை உயர்ந்த போன்கள் ஏன் தேய்கின்றன: கீறல், உரிதல், பச்சைக் கோடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய போன் ஏன் சீக்கிரமே இப்படி ஆகிவிட்டது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். கேமரா தரம், வேகம், சாப்ட்வேர் பற்றி இங்கே எதுவும் இருக்காது. போனின் உடம்பு பற்றி மட்டும் பேசுவோம்: உலோகம், கண்ணாடி, பசை, கீல்.

லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்தும் கீறல் விழுமா?

விழும். கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சிப், கேமரா, திரை, பிராண்டின் பெயர் ஆகியவற்றுக்குப் போகிறது. உடம்புக்குச் செலவழிக்கும் தொகையும் போன் மெல்லியதாக, பளபளப்பாக, கைக்கு வழவழப்பாக இருப்பதற்காகத்தான் செலவாகிறது. தேய்மானத்தைப் பொறுத்தவரை இவை மூன்றுமே வேண்டாத குணங்கள். இருபதாயிரம் ரூபாய் போனின் பிளாஸ்டிக் முதுகு தரையில் விழுந்தால் ஒரு சிராய்ப்போடு தப்பிக்கும். விலை உயர்ந்த போனின் கண்ணாடி முதுகு சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டுவிடும். 2021-ல் கேலக்ஸி எஸ்21-இன் அடிப்படை மாடலுக்கு சாம்சங் பாலிகார்பனேட் முதுகு வைத்தபோது, இந்த விலைக்குப் பிளாஸ்டிக்கா என்று பலர் முகம் சுளித்தார்கள். கீழே விழுவதை மட்டும் கணக்கில் எடுத்தால், அந்த வரிசையில் கவலையில்லாத முதுகு அதற்குத்தான் இருந்தது.

ஐபோன் 17 ப்ரோ கீறல் விவகாரத்தில் உண்மையில் என்ன நடந்தது?

2025 செப்டம்பரில் அந்த போன் கடைக்கு வந்த உடனேயே, காட்சிக்கு வைத்திருந்த போன்களின் படங்கள் பரவின. முதுகில் வட்டமாக ஒரு தடம், கேமரா மேட்டின் விளிம்பில் நிறம் போன வெள்ளிப் புள்ளிகள். எல்லோரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டினார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு.

முதுகில் இருந்த வட்டத்துக்கு ஆப்பிள் சொன்ன விளக்கம்: கடைகளில் உள்ள தேய்ந்துபோன மேக்சேஃப் (காந்தத்தால் போனின் முதுகைப் பிடிக்கும்) ஸ்டாண்டிலிருந்து போனில் ஒட்டிக்கொண்ட பொருள் அது, துடைத்தால் போய்விடும். இது நம்பக்கூடியதுதான். மென்மையான பொருள் கடினமான பரப்பில் உரசினால் தன் தடத்தை அதில் விட்டுவிட்டுப் போகும். பார்க்கக் கீறல் போலவே இருக்கும்.

விளிம்பில் நடந்தது நிஜமான உரிதல். யூடியூபில் போன்களைக் கீறியும் வளைத்தும் சோதிக்கும் ஜாக் நெல்சன் இதைத் தெளிவாகக் காட்டினார். சமதளத்தில் பட்ட உரசலைப் பூச்சு பெரும்பாலும் தாங்கியது. கேமரா மேட்டின் கூர்மையான ஓரத்தில் மட்டும் அது சில்லு சில்லாகப் பெயர்ந்தது.

காரணம் அனோடைசிங் என்கிற முறையில் இருக்கிறது. இது பெயிண்ட் அடிப்பது கிடையாது. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் செலுத்தினால் அதன் மேல்பரப்பே அலுமினியம் ஆக்சைடாக மாறும். அதிலுள்ள நுண்துளைகளில் சாயத்தை ஏற்றி மூடிவிடுவார்கள். இந்த ஆக்சைடு மிகக் கடினமானது, ஆனால் மெல்லிய தோல். அடியில் இருப்பது மென்மையான உலோகம். தோல் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால், கூரான மூலையில் இரு பக்கத்துத் தோலும் சரியாகச் சேராமல் அங்கே பலவீனமாகிவிடும். ஓரத்தை உருட்டிவிட்டால் இந்தத் தொல்லை குறையும். பொறியாளர்களுக்கு இது பழைய பாடம். ஆகவே இதைத் தோற்றத்துக்காகத் தெரிந்தே எடுத்த முடிவு என்றுதான் நான் சொல்வேன். ஆப்பிளோ, அனோடைஸ் செய்த மற்றப் பொருட்களின் விளிம்பு போலத்தான் இதுவும், சிறு சிராய்ப்பு சகஜம் என்று முடித்துக்கொண்டது.

2012-லும் இதே கதைதான். கறுப்பு ஐபோன் 5-இன் செதுக்கிய ஓரங்களில் நிறம் பெயர்ந்து வெள்ளியாகத் தெரிந்தது. அலுமினியம் என்றால் அப்படித்தான் என்ற பதில்தான் அப்போதும் வந்தது. அடுத்த ஆண்டு 5எஸ்-இல் கறுப்புக்குப் பதில் வெளிறிய சாம்பல் நிறம் வந்தது.

அப்படியானால் எந்த நிறம் வாங்கலாம்?

வெள்ளி நிறம். உரிந்தாலும் அடியில் இருப்பது அதே நிறம்தான். அடர்நீலம், ஆரஞ்சு, கறுப்பு ஆகியவற்றில் சின்னப் புள்ளி கூடக் கண்ணை உறுத்தும். கேஸ் போடாமல் பயன்படுத்துபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

டைட்டானியம் பாடி என்றால் கீறல் விழாதுதானே?

விளம்பரம் அப்படி நினைக்க வைக்கிறது. டைட்டானியம் எடைக்கு எடை மிக உறுதியானது. சட்டென்று வளையாது, நசுங்காது. ஆனால் உறுதி வேறு, கீறலைத் தாங்கும் கடினம் வேறு. நிறம் ஏற்றிய டைட்டானியமும் மேலே மெல்லிய பூச்சோடுதான் வருகிறது, ஓரத்தில் அதுவும் தேயும். 2023-ல் ஐபோன் 15 ப்ரோ வந்தபோது, கை எண்ணெய் பட்டு விளிம்பின் நிறம் மாறியது போலத் தெரிகிறது என்று புகார் வந்தது. அது தற்காலிகம், ஈரத்துணியால் துடைத்தால் சரியாகிவிடும் என்று ஆப்பிளே சொன்னது.

டைட்டானியத்தின் பெரிய குறை வெப்பம். அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. 17 ப்ரோவில் அலுமினியத்துக்குத் திரும்பியதற்கு ஆப்பிள் சொன்ன முக்கியக் காரணமே, இந்த அலுமினியம் டைட்டானியத்தைவிட ஏறக்குறைய 20 மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதுதான். ஆக, சூடு குறைந்தது, கீறல் கூடியது. நம் ஊர் வெயிலுக்கு நான் அலுமினியத்தையே தேர்ந்தெடுப்பேன்.

சாவியோடு சேர்த்துப் பையில் போட்டாலும் ஒன்றும் ஆகாத திரையில், திடீரென்று எப்படிக் கீறல் வருகிறது?

மணல். பெரும்பாலும் பதில் அதுதான்.

போன் கண்ணாடியை உறுதியாக்கும் விதம் சுவாரஸ்யமானது. கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா கிளாஸை எடுத்துக்கொள்வோம். அலுமினோசிலிக்கேட் கண்ணாடியைச் சுமார் 400 டிகிரி சூட்டில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்குகிறார்கள். கண்ணாடியின் மேல்பரப்பில் இருக்கும் சின்ன சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் புகுந்துகொள்ளும். ஒல்லியானவர்கள் எழுந்துபோன பஸ் சீட்டில் தடியானவர்கள் நெருக்கி உட்கார்ந்தது மாதிரி. அந்த நெருக்கம் பரப்பை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருப்பதால் விரிசல் லேசில் பரவாது. கீழே விழுந்தால் தாங்குவது இதனால்தான்.

கீறலுக்கு இது பெரிய அளவில் உதவாது. தாதுக்களின் கடினத்தை மோஸ் அளவில் 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துவார்கள். போன் கண்ணாடி பொதுவாக 6-இல் கீற ஆரம்பித்து 7-இல் ஆழமாகக் கீறும். வீட்டுச் சாவியின் பித்தளையும் எஃகும் அதற்குக் கீழே. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மெரினாவுக்குப் போய் வந்த பேன்ட் பையில் நாலு மணல் துகள் இருந்தால் போதும், காரியம் முடிந்தது.

அந்தக் கீறல் அழகுப் பிரச்சினையோடு நிற்பதும் இல்லை. ஆழமான கீறல் அந்த அழுத்த அடுக்கைத் துளைத்துவிட்டால், அடுத்த முறை விழும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முன்பு பத்து முறை விழுந்தும் உடையாத போன் இப்போது லேசாக விழுந்ததற்கே உடைந்துவிட்டதே என்பவர்களுக்கு இதுவே விளக்கம்.

டெம்பர்ட் கிளாஸ் போட வேண்டுமா? எது நல்லது?

போடுங்கள். போன் கண்ணாடி அளவுக்கே அதுவும் கீறும், ஆனால் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். வளைந்த திரைக்கு யூவி பசை (புற ஊதா ஒளியில் இறுகும் திரவப் பசை) ஊற்றி ஒட்டுவது மட்டும் எனக்குப் பிடிக்காது. அவசரத்தில் ஊற்றும்போது பசை ஸ்பீக்கர் வலைக்குள்ளும் பட்டன் இடுக்கிலும் இறங்கிவிடும். பிறகு சர்வீஸ் சென்டரில் எந்தப் பழுதுக்குப் போனாலும் அந்தப் பசையைக் காட்டியே கைவிரிக்க வாய்ப்பிருக்கிறது.

கேஸ் போட்டிருந்தேன். கழற்றினால் ஓரமெல்லாம் தேய்ந்திருக்கிறதே?

கேஸுக்கும் போனுக்கும் நடுவில் தூசி புகுந்து, நடக்க நடக்க அங்கேயே அரைக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். மாதம் ஒரு தடவையாவது கழற்றி இரண்டையும் துடைக்க வேண்டும். லூசான கேஸைவிட இறுக்கமான கேஸ் மேல்.

போன் வளைவதெல்லாம் பழைய கதைதானே?

பெரும்பாலும் ஆமாம். 2014-ல் ஐபோன் 6 பிளஸ் பையிலேயே வளைகிறது என்று கிளம்பியபோது, முதல் ஆறு நாளில் ஒன்பது பேர்தான் புகார் சொன்னார்கள் என்றது ஆப்பிள். நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்க வழக்கொன்றில் வெளிவந்த உள் ஆவணங்கள் வேறு மாதிரி பேசின. 5எஸ்-ஐவிட ஐபோன் 6 வளைய 3.3 மடங்கும், 6 பிளஸ் 7.2 மடங்கும் வாய்ப்பு அதிகம் என்று அவர்களுடைய சொந்தச் சோதனையிலேயே தெரிந்திருந்தது. அடுத்து வந்த 6எஸ்-இல் இன்னும் உறுதியான 7000 வரிசை அலுமினியத்துக்கு மாறினார்கள்.

வளைவதோடு அது முடியவும் இல்லை. 6 பிளஸில் மேலே சாம்பல் பட்டை மின்னுவதும் தொடுதிரை வேலை செய்யாமல் போவதுமாக 2016-ல் இன்னொரு நோய் பரவியது. பலமுறை கீழே விழுந்து அழுத்தம் பட்டதால் வருகிறது என்று சொல்லி, 149 டாலர் கட்டணத்தில் ஆப்பிள் சரிசெய்து கொடுத்தது. போனின் சட்டகம் நெளியும்போது உள்ளே போர்டில் பற்றவைத்த சிப் இணைப்புகள் விடுபடும் என்பதைப் பழுது பார்ப்பவர்கள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின் பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு உட்காரும் பழக்கத்தை இன்றும் விடுவது நல்லது.

திரையில் பச்சைக் கோடு வந்துவிட்டது. என் தப்பா, கம்பெனி தப்பா?

அமோலெட் என்பது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை. அதில் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது மேலிருந்து கீழாக நிற்கும் புள்ளி வரிசைக்கும், தனித்தனியாக மின்தொடர்பு போகிறது. அந்தத் தொடர்பு பழுதானால் அந்த நிரல் முழுக்க ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும். கோடு எப்போதும் மேலிருந்து கீழாக நேராக வருவது அதனால்தான். பச்சையாகத்தான் வரும் என்றில்லை, இளஞ்சிவப்பு, வெள்ளைக் கோடுகளும் உண்டு. திரையின் அடியில் மடிந்து போகும் மெல்லிய பிளெக்ஸ் கேபிளின் இணைப்பு பலவீனமான இடம். விழுந்த அடி, வெப்பம், அழுத்தம் எல்லாம் அதைப் பாதிக்கும்.

அப்டேட் போட்டதும் வந்தது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். சாப்ட்வேரால் திரையின் தொடர்பை அறுக்க முடியாது. ஆனால் பெரிய அப்டேட்டின்போது போன் நன்றாகச் சூடாகும். ஏற்கெனவே விட்டுப்போகும் நிலையில் இருந்த இணைப்பு அந்தச் சூட்டில் போயிருக்கலாம். அப்படியானால் பழுதின் வேர் அப்டேட்டுக்கு முன்பே இருந்தது என்றுதான் அர்த்தம், வாடிக்கையாளர் பக்கம் பேச இது நல்ல வாதம்.

இந்தியாவில் இந்தப் புகார் அதிகம். விழாமல், நனையாமல் இருந்த போனில் கோடு வந்தால் முதலில் செய்ய வேண்டியது, அந்த மாடலுக்குத் தனிச் சலுகை இருக்கிறதா என்று கேட்பது. ஒன்பிளஸ் இந்தியாவில் பச்சைக் கோட்டுக்கு ஆயுட்கால டிஸ்ப்ளே வாரண்டி அறிவித்தது. சாம்சங் 2024-ல் எஸ்20, எஸ்21 வரிசைகள் உள்ளிட்ட சில பழைய மாடல்களுக்கு, வாங்கி மூன்று ஆண்டுக்குள் இருந்தால் ஒரு முறை இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தது. இந்த மாதிரிச் சலுகைகளை கவுன்டரில் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். வெளியே ஒரு கடையில் சும்மா பிரித்துப் பார்த்தால்கூட அந்த உரிமை போய்விடலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கும் போன் வாங்கலாமா?

2019-ஐவிட இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. அந்த ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சகர்களுக்குக் கொடுத்தபோது, சிலர் திரையின் மேலிருந்த அடுக்கை ஒட்டுத்தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள், திரை செத்துப்போனது. இன்னும் சிலருக்குக் கீலின் இடைவெளி வழியாகத் தூசி புகுந்து திரை புடைத்தது. சாம்சங் வெளியீட்டைத் தள்ளிவைத்து, இடைவெளியை மூடி, செப்டம்பரில் விற்றது.

அடுத்த ஆண்டு கேலக்ஸி இசட் ஃபிலிப்பில் மடியும் கண்ணாடி வந்தது. அதன் தடிமன் சுமார் 30 மைக்ரான். ஆனால் விரல் தொடுவது அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக்கைத்தான், நகத்தால் அழுத்தினால் அதில் தடம் விழும். அந்த மேல்தாள் நாளடைவில் மடிப்பில் உப்பிக் கிளம்பும். தானாக உரித்துவிடாமல் சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொள்வதே நல்லது. 2 லட்சம் முறை மடித்துச் சோதித்தோம் என்று கம்பெனி சொன்னால், தினம் 100 முறை மடித்தால் ஐந்தரை ஆண்டு வரும். ஆனால் அது சுத்தமான ஆய்வுக்கூடக் கணக்கு. நம் ஊர்ச் சாலையின் புழுதி அதில் சேரவில்லை. தூசி, தண்ணீரை ஒரு போன் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி குறியீட்டில் தூசிக்கான முதல் எண்ணைப் பாருங்கள்: 2024-இன் ஃபோல்டு 6-க்கு ஐபி48. 4 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள துகளை மட்டும்தான் தடுக்கும்.

ஐபி68 போட்டிருக்கிறதே, நீச்சல் குளத்தில் போட்டோ எடுக்கலாமா?

வேண்டாம். அந்தச் சோதனை புது போனில், அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. ஐபோன் 12 முதல் வந்தவற்றுக்கு (எஸ்இ மாடல் தவிர) ஆப்பிள் 6 மீட்டர் ஆழம் 30 நிமிடம் என்கிறது, சாம்சங் 1.5 மீட்டர் என்கிறது. எண் ஒன்றுதான், அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குளோரின், உப்புத் தண்ணீர், சோப்பு எதுவும் அதில் இல்லை. தண்ணீரைத் தடுப்பது ஓரத்தில் ஓடும் பசையும் ரப்பர் வளையமும். இரண்டும் சூட்டில் தளரும், விழுந்தால் விலகும், ஒருமுறை பிரித்தால் பழைய நிலைக்கு வருவது சந்தேகம்.

இதைக் கூட்டிச் சொன்னதற்காக அபராதமும் கட்டியிருக்கிறார்கள். 2020-ல் இத்தாலியில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, 2022-ல் ஆஸ்திரேலியாவில் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர். போனுக்குள் இருக்கும் சின்ன ஸ்டிக்கர் தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், வாரண்டி அங்கேயே முடிந்துவிடும்.

முதுகு லேசாகத் தூக்கி நிற்கிறது. பசை போட்டு ஒட்டலாமா?

கூடவே கூடாது. பேட்டரி ஊதியிருக்கலாம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். இடநெருக்கடி பேட்டரிக்கு எவ்வளவு ஆபத்து என்பதை 2016-இன் கேலக்ஸி நோட் 7 காட்டியது. முதல் பேட்டரியில் மூலையில் எலக்ட்ரோடு வளைந்திருந்தது, மாற்றாகக் கொடுத்த இன்னொரு கம்பெனியின் பேட்டரியில் வெல்டிங் பிசிறு இருந்தது என்று 2017 ஜனவரியில் சாம்சங் விளக்கியது. நம் வீடுகளில் நடப்பது அவ்வளவு பயங்கரமாக இருக்காது, பெரும்பாலும் வயதும் வெப்பமும்தான். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் உச்ச வெப்பநிலை 35 டிகிரி. சென்னை, வேலூர், திருச்சி மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் மேப் போட்டுக்கொண்டே சார்ஜ் ஏற்றுவதைவிடப் பேட்டரிக்குக் கெடுதல் வேறில்லை.

பைக் ஹேண்டில்பாரில் போன் மாட்டினால் கேமரா போய்விடும் என்பது உண்மையா?

உண்மை. 2021-ல் ஆப்பிளே எச்சரித்தது. லென்ஸை மிதக்கவிட்டு நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பும் ஆட்டோஃபோக்கஸும், பெரிய பைக் என்ஜினின் தொடர் அதிர்வில் நாளடைவில் கெட்டுவிடும். மற்ற பிராண்டுகளின் கேமராவிலும் இதே அமைப்புதான் இருக்கிறது. போட்டோ மங்கலாக வருவதும், கேமராவைத் திறந்தால் படம் தானே ஆடுவதும் அறிகுறிகள். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அதிர்வைத் தாங்கும் மவுண்ட் வாங்குங்கள்.

வீகன் லெதர் (செயற்கைத் தோல்) முதுகு எப்படி?

புதிதாக இருக்கும்போது பிடித்துக்கொள்ள அருமை. அது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. வியர்வையும் ஈரக் காற்றும் சேர்ந்தால் நாளடைவில் சிதைந்து உரியக்கூடியது. கடலோர ஊர்க்காரர்கள் யோசித்து வாங்குங்கள்.

எதை வைத்துத் துடைக்கலாம்?

ஈரமான மென்துணி போதும். கிருமி நீக்க வேண்டுமென்றால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பான். பிளீச்சும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம் என்று ஆப்பிள் தெளிவாகச் சொல்கிறது. எதில் துடைத்தாலும் அழுத்தித் தேய்க்க வேண்டாம், திரையில் விரல் வழுக்கிப் போவதற்காகப் பூசியிருக்கும் எண்ணெய் ஒட்டாத அடுக்கு அதில் சீக்கிரம் கரைந்துபோகும்.

சர்வீஸ் சென்டரில் "இது காஸ்மெடிக் டேமேஜ், வாரண்டி வராது" என்கிறார்கள். என்ன செய்வது?

வாரண்டி விதிகளில் அப்படித்தான் எழுதியிருக்கும்: கீறல், நசுங்கல், சாதாரணத் தேய்மானம் சேராது. எது சாதாரணத் தேய்மானம், எது தயாரிப்புக் குறை என்று முடிவு செய்வதும் அவர்களே. நம்மிடம் ஆதாரம் இருந்தால்தான் பேச முடியும்.

பெட்டியைத் திறக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். பழுது தெரிந்த அன்றே மறுபடி எடுங்கள். கவுன்டரில் வாய்ப் பேச்சோடு திரும்பாமல் ஜாப் ஷீட் (பழுதைப் பதிவு செய்து கொடுக்கும் சீட்டு) வாங்குங்கள், மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தை அதிலேயோ மின்னஞ்சலிலோ எழுதிக் கேளுங்கள். எழுதச் சொன்னதும் சிலர் மேனேஜரைக் கூப்பிடுவார்கள், அங்கேயே காரியம் முடிவதும் உண்டு.

முடியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஓரத்தில் ஒரு கீறலுக்காக இவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன். பச்சைக் கோடு, ஊதிய பேட்டரி, தானாகத் தெறித்த கேமரா கண்ணாடி என்றால் போகலாம்.

வாங்குவதற்கு முன்பே ஒரு போன் எவ்வளவு உழைக்கும் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

இப்போது ஒன்று இருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்கும் ஒரு லேபிள் கட்டாயம். திரும்பத் திரும்பக் கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று ஏ முதல் இ வரை தரம் போட்டிருப்பார்கள். பேட்டரி எத்தனை சார்ஜ் சுற்று தாங்கும், தூசி, தண்ணீர்ப் பாதுகாப்பு எவ்வளவு என்பதும் இருக்கும். 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது அங்கே சட்டம். தரத்தைக் கம்பெனியே சோதித்துப் போட்டுக்கொள்கிறது என்பது ஒரு குறைதான், கீறலுக்கு அதில் தரமும் கிடையாது. இந்தியப் பெட்டியில் அந்த லேபிளைத் தேட வேண்டாம். அதே மாடலை அந்தக் கம்பெனியின் ஜெர்மனி அல்லது பிரான்ஸ் இணையதளத்தில் திறந்தால் விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். மாடல் எண் ஒன்றுதானா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு சிப்போ பேட்டரியோ மாறுவது உண்டு.